பெரிய கோல்ஃப் கிளப்புகளின் இரண்டாவது மைதானங்கள்: தேர்வு முதல் ஆட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போனபோது, அங்குள்ள புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் ஆட இடம் தரும் குலுக்கலுக்கு நானும் நண்பரும் மூன்று நாள் தொடர்ந்து பெயர் கொடுத்தோம். மூன்று நாளும் எங்கள் பெயர் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் கொடுத்து வைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு, நான்காம் நாள் காலையில் அதை ஒட்டியே கிடக்கும் நியூ கோர்ஸில் இறங்கினோம். ஒன்பதாவது ஹோலில் (ஒரு குழிக்கான ஆட்டப் பகுதி) ஈடன் ஆற்றின் கழிமுகம் இடப்பக்கம் விரிந்தது. நீர் வடிந்து கிடந்த சேற்றில் பறவைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. 225 கெஜம் தூரத்தில் கொடி காற்றில் படபடத்தது. அந்த இடத்தில் நின்றபோது ஓல்டு கோர்ஸ் கிடைக்கவில்லை என்ற நினைப்பே மனதில் இல்லை. அன்று முதல் எந்தப் பெயர்பெற்ற கிளப்புக்குப் போனாலும் அங்குள்ள இரண்டாவது மைதானத்தைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

வாழ்நாளில் ஒருமுறையாவது கோல்ஃப் பிறந்த மண்ணில் ஆடிவிட வேண்டும் என்று பணம் சேர்ப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஒரே மைதானத்துக்காக முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, அதன் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓல்டு கோர்ஸை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கிடைத்தால் கட்டாயம் ஆடுங்கள். ஆனால் பயணத்தின் அச்சாணியாக இரண்டாவது மைதானத்தை வைத்துத் திட்டமிடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டாவது மைதானம் ஏன் பிறந்தது என்று பாருங்கள்

எல்லா இரண்டாவது மைதானங்களும் ஒரே வகை அல்ல. எதற்காக அது உருவானது என்று தெரிந்துகொண்டால், அங்கே ஆடலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் வகை, கூட்டம் தாங்காமல் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வசதி பெருகியதும் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட வருபவர்கள் குவிந்தார்கள். ஓல்டு கோர்ஸில் இடம் போதவில்லை. அதனால் அந்த ஊர் கோல்ஃப் வீரரும் வடிவமைப்பாளருமான ஓல்டு டாம் மோரிஸ் கையால் 1895இல் நியூ கோர்ஸ் உருவானது. ஊர் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். 130 ஆண்டு பழைய ஒன்றை இன்னமும் 'புதியது' என்று அழைக்கிறார்கள். அதே மணல், அதே புல், அதே கடற்காற்று, அதே நிர்வாகம். இந்த வகை மைதானம் தமையனுக்கு ஒரு படியும் இறங்கியதாக இருக்காது. புகழ் மட்டும்தான் குறைவு.

இரண்டாவது வகை, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் என்று போட்ட சிறிய மைதானங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் 9 ஹோல் கொண்ட பால்கோவ் அப்படிப்பட்டது. வட அயர்லாந்தில் ராயல் கவுன்டி டவுன் கிளப்பின் ஆன்ஸ்லி லிங்க்ஸும் இந்தக் கூட்டத்தில் சேரும். குடும்பத்தோடு போகிறவர்கள் இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மோர்ன் மலைகளின் அடிவாரத்தில், பெரிய மைதானத்துக்குத் தெரிகிற அதே மலையும் அதே கடலும் ஆன்ஸ்லிக்கும் தெரிகின்றன.

மூன்றாவது வகை, பெயரை வைத்து விருந்தினர்களை இழுக்கப் பின்னாளில் கட்டியவை. இவை பெரும்பாலும் வேறு நிலத்தில், வேறு மண்ணில் இருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸில் 2008இல் திறந்த காசில் கோர்ஸ் ஊருக்கு வெளியே கடலோரக் குன்றின் விளிம்பில் இருக்கிறது. காட்சி மனதை அள்ளும். ஆனால் லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்நிலத்து ஆட்டத்தைக் கற்கப் போகிறவருக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் படி: கதவு திறக்குமா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் ஆசைப்பட்டு ஏமாந்தவர்கள் பலர். அமெரிக்காவில் விங்டு ஃபுட் கிளப்பின் ஈஸ்ட், பால்டஸ்ரால் கிளப்பின் அப்பர், மெரியன் கிளப்பின் வெஸ்ட் ஆகிய மூன்றும் அருமையானவை. விங்டு ஃபுட் ஈஸ்டில்தான் 1980இல் முதல் அமெரிக்க சீனியர் ஓப்பன் நடந்தது. பால்டஸ்ரால் அப்பரில் 1936இல் அமெரிக்க ஓப்பனே நடந்திருக்கிறது. ஆனால் உறுப்பினர் யாராவது அழைத்துச் செல்லாமல் அவற்றின் வாசலை மிதிக்க முடியாது. தெரிந்தவர் இல்லையென்றால் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் நிலைமை வேறு. பெயர்பெற்ற தனியார் கிளப்புகள்கூட வார நாட்களில் சில மணி நேரத்தை வெளியாருக்கு ஒதுக்குகின்றன. மெல்போர்னில் உள்ள ராயல் மெல்போர்ன் கிளப், வெளிநாட்டு ஆட்டக்காரர் தம் சொந்த கிளப்பின் கடிதத்தையும் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றையும் கொண்டு வந்தால் இடம் பார்த்துத் தருகிறது.

மூன்றாவது கதவு, எவருக்கும் திறந்திருப்பது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நிலம் பொதுச் சொத்து. நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1974இல் அமைந்த ஓர் அறக்கட்டளை ஏழு மைதானங்களையும் நடத்துகிறது. கார்னூஸ்டியிலும் வெளியாருக்கு இடமுண்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் ஓர் அரசுப் பூங்கா. முதல் பயணத்துக்கு இந்தத் திறந்த கதவுகளே போதும்.

மூன்றாம் படி: உங்களுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்

செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே ஊரில் இத்தனை மைதானங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

நியூ கோர்ஸ் நீளம் 6,600 கெஜத்துக்குச் சற்று மேல். பார் 71, அதாவது நல்ல ஆட்டக்காரர் 71 அடியில் முடிக்க வேண்டியது. ஓல்டு கோர்ஸில் முதன்முறை ஆடுபவருக்கு எங்கே அடிப்பது என்றே புரியாது. அகன்ற வெளியும் மறைந்திருக்கும் பங்கர் என்ற மணற்குழிகளும் குழப்பிவிடும். நல்ல கேடி (மட்டைப் பையைச் சுமந்து வழி சொல்பவர்) பக்கத்தில் நின்று சொன்னால்தான் அதன் அறிவு விளங்கும். நியூ கோர்ஸ் அப்படிச் சுற்றி வளைக்காது. எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை, முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நிற்கும்போதே கண்முன் காட்டிவிடுகிறது. ஃபேர்வே (புல் வெட்டிய ஆட்டப் பாதை) குறுகல், இரு பக்கமும் முட்புதர். நேராக அடிக்கத் தெரிந்தால் வழிவிடும்.

அந்த முட்புதரைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ஸ் என்ற அந்தச் செடி வசந்த காலத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாசனை வரும். மூன்றாவது ஹோலில் அது மூக்கைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தேன். அசல் தேங்காய் வாசனை! ஸ்காட்லாந்துக் கடற்கரையில், கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக நடுங்கிக்கொண்டு நிற்கையில், துருவிய தேங்காயின் வாசனை வருவதை எப்படி விவரிப்பது? பிறகுதான் நினைவுக்கு வந்தது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட இதே செடிதான் நம் நீலகிரிப் புல்வெளிகளில் களையாகப் பரவிக் கிடக்கிறது. ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோடு நிற்கும் அந்தப் புதரைக் கண்டவர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸில் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதே மூன்றாவது ஹோலில் இன்னொன்றையும் பாருங்கள். அதன் கிரீனும் (குழி இருக்கும் மழித்த புல்பரப்பு) பதினைந்தாவது ஹோலின் கிரீனும் ஒன்றே. இரண்டு கொடிகள், ஒரே பெரிய பச்சைப் பரப்பு. ஓல்டு கோர்ஸில் இரட்டை கிரீன்களைப் பகிரும் ஹோல்களின் எண்களைக் கூட்டினால் 18 வரும் என்பார்கள். இங்கேயும் மூன்றும் பதினைந்தும் பதினெட்டுதான். தூரத்திலிருந்து அடிக்கும்போது எந்தக் கொடி உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான கொடிக்கு அழகாக அடித்துவிட்டு எழுபதடி தூரத்திலிருந்து பட் போடுகிறவர்களை (பந்தைக் குழிக்கு உருட்டுகிறவர்களை) அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

ஜூபிலி கோர்ஸ் கடலுக்கு இன்னும் நெருக்கம். விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897இல் பெண்களுக்கும் புதியவர்களுக்கும் என்று 12 ஹோல்களோடு தொடங்கியது. 1988இல் டொனால்ட் ஸ்டீல் அதைத் திருத்தி அமைத்த பிறகு ஊரிலேயே கடினமானது என்று பெயர் வாங்கிவிட்டது. மணல்மேடுகளின் இடுக்கில் ஓடுகிற ஹோல்கள் அதில் இருக்கின்றன. காற்று பலமாக வீசும் நாளில் ஹேண்டிகேப் 15க்கு மேல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு பையில் எத்தனை பந்து கொண்டு போனாலும் போதாது.

ஈடன் கோர்ஸ் ஹாரி கோல்ட் 1914இல் வடிவமைத்தது. பின்னாளில் சில ஹோல்கள் மாறின. ஆனாலும் கோல்ட் அமைத்த கிரீன்களின் நெளிவு இன்னும் அங்கங்கே தென்படுகிறது. நீளம் குறைவு, கட்டணமும் குறைவு. வந்து இறங்கிய அன்றே, பயண அலுப்போடு ஆட ஏற்றது இதுதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வடக்கே, டே ஆற்றின் கழிமுகத்தைத் தாண்டினால் கார்னூஸ்டி. அங்கே எல்லோரும் 1999 பிரிட்டிஷ் ஓப்பனில் பிரெஞ்சு வீரர் வான் டி வெல்டே கடைசி ஹோலில் தடுமாறிய பேரி ஓடையைப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்திலேயே சுமார் 6,000 கெஜம் நீளமுள்ள பர்ன்சைடு கோர்ஸ் இருக்கிறது. அமெரிக்க வீரர் பென் ஹோகன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பிரிட்டிஷ் ஓப்பனில்தான் ஆடினார். 1953இல், இதே கார்னூஸ்டியில். வென்றும் விட்டார். அந்தக் காலத்தில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தகுதிச் சுற்று ஆடியே ஆக வேண்டும். அதன் ஒரு சுற்று பர்ன்சைடில் நடந்தது. ஹோகன் நடந்த அந்தப் புல்லில் இன்று சாம்பியன்ஷிப் மைதானத்துக்கான கட்டணத்தில் சிறு பகுதியைக் கொடுத்து நீங்களும் நடக்கலாம். நீளமான பார் நான்குகளில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு இது அருமையான இடம். இரும்பு மட்டைகளின் ஆட்டம் இங்கே துல்லியமாக இருக்க வேண்டும்.

வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு மைதானங்கள். உயரத்தில் டன்லூஸ், அதற்கும் கடலோர மணல்மேட்டுக்கும் நடுவே பள்ளத்தில் வேலி. நம் ஊர் வேலி அல்ல, பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர் அது. 1951இல் பிரிட்டிஷ் ஓப்பன் போர்ட்ரஷுக்கு வந்தது. பிறகு 68 ஆண்டுகள் திரும்பி வரவில்லை. மீண்டும் வர வேண்டுமானால் பார்வையாளர் கூடாரங்களுக்குப் பெரிய இடம் வேண்டும் என்ற நிலை. டன்லூஸின் பழைய பதினேழு, பதினெட்டாம் ஹோல்கள் சமதளத்தில் இருந்தன. அந்த நிலத்தைக் கூடாரங்களுக்கு விட்டார்கள். அவற்றுக்குப் பதிலாக இரண்டு புதிய ஹோல்கள் போட இடம் கொடுத்தது வேலி கோர்ஸ். தன் ஐந்தாவது, ஆறாவது ஹோல்களின் நிலத்தை அது இழந்தது. இன்று டன்லூஸின் ஏழாவது, எட்டாவது ஹோல்களாக உலகம் தொலைக்காட்சியில் பார்ப்பது அந்த நிலத்தைத்தான். 2019இல் ஷேன் லோரி வென்ற அந்த ஓப்பன் நடந்ததே வேலி விட்டுக்கொடுத்ததால்தான்.

இழந்த ஹோல்களுக்கு ஈடாக வேலியிலும் மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். அங்கே பங்கர்கள் மிகக் குறைவு. நிலத்தின் மேடு பள்ளங்களே காவல். பள்ளத்தில் இருப்பதால் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் பந்து மணல்மேட்டின் உயரத்தைத் தாண்டியதும் காற்று அதை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விடும். தாழ்வாக அடிக்கப் பழகியவர்களே அங்கே நன்றாக ஆடுகிறார்கள். ராத்மோர் கிளப் இந்த வேலியில்தான் ஆடுகிறது. கோல்ஃப் வீரர் கிரேம் மெக்டவல் வளர்ந்த கிளப் அது.

லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு சன்னிங்டேல். இது கடற்கரை அல்ல, ஊதா நிறத்தில் பூக்கும் ஹெதர் செடியும் பைன் மரமும் நிறைந்த மணற்பாங்கான நிலம். ஓல்டு மைதானத்தை வில்லி பார்க் இளையவர் போட்டார். நியூ மைதானம் 1923இல் ஹாரி கோல்ட் செய்தது. கோல்ட் அந்த கிளப்பின் செயலாளராகவே ஆண்டுக்கணக்கில் இருந்தவர். எங்கே நீர் தேங்கும், எங்கே பந்து உருளும் என்று ஒவ்வோர் அடியும் அவருக்குத் தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் நான் நியூவையே எடுப்பேன். ஓல்டு அழகு. நியூ நம்மைச் சோதிக்கிறது. ஆனால் இங்கே கட்டணம் குறைவாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

மெல்போர்னில் ராயல் மெல்போர்ன் வெஸ்ட், அலிஸ்டர் மெக்கென்சியின் கைவண்ணம். அதன் பக்கத்து ஈஸ்ட் 1932இல் திறந்தது. அதை அமைத்த அலெக்ஸ் ரஸ்ஸல் அமெச்சூராக இருந்தபடியே 1924இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றவர். மெக்கென்சியோடு சேர்ந்து வேலை செய்தவர். பிரசிடென்ட்ஸ் கோப்பை போன்ற பெரிய போட்டிகளை அங்கே வெஸ்டின் 12 ஹோல்களும் ஈஸ்டின் 6 ஹோல்களும் சேர்ந்த கூட்டு மைதானத்தில் நடத்துகிறார்கள். வெஸ்ட் என்று நினைத்து உலகம் புகழ்வதில் மூன்றில் ஒரு பங்கு ஈஸ்ட்!

அமெரிக்கா போகிறவர்களுக்குப் பெத்பேஜ் ரெட். அங்கே புகழ்பெற்றது பிளாக் மைதானம்; அதன் முதல் டீயில், மிகத் திறமையானவர்கள் மட்டும் ஆடவும் என்று எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. பிளாக்கில் இடம் பிடிக்க முதல் நாள் இரவே காரை நிறுத்திக் காத்துக் கிடப்பவர்கள் இன்றும் உண்டு. ரெட் அதற்கு ஓராண்டு மூத்தது. 1935இல் திறந்தது, பிளாக்கைப் போலவே வடிவமைப்பாளர் டில்லிங்காஸ்ட் பெயரைச் சுமப்பது. முதல் ஹோலே மேட்டில் ஏறும் நீண்ட பார் நான்கு. அங்கே ஐந்து எடுத்தால் கவலைப்படாதீர்கள், பெரும்பாலோர் ஐந்துதான்.

நான்காம் படி: நாட்களை அடுக்கும் விதம்

செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் குறைந்தது ஐந்து நாள் வையுங்கள். ஓல்டு கோர்ஸ் குலுக்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இருவர் சேர்ந்து கொடுக்க வேண்டும். தனியாக வருபவர்களுக்கு வேறு குலுக்கல் உண்டு. தினமும் பெயர் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆனால் மற்ற மைதானங்களின் நேரத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உறுதி செய்துவிடுங்கள். குலுக்கலில் பெயர் வந்தால் ஒரே நாளில் இரண்டு சுற்று ஆடிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

என் வரிசை இது: இறங்கிய நாள் மாலையில் ஈடன். இரண்டாம் நாள் காலையில் நியூ. மூன்றாம் நாள் ரயிலேறிக் கார்னூஸ்டி பர்ன்சைடு. நான்காம் நாள் ஜூபிலி, அல்லது காற்று மோசமென்றால் நியூவே இன்னொரு முறை. ஐந்தாம் நாள் ஞாயிறாக அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே மைதானத்தில் இரண்டு முறை ஆடுவது பணவிரயம் என்று நினைக்க வேண்டாம். லிங்க்ஸில் காற்றின் திசை மாறினால் மைதானமே மாறிவிடும். முதல் நாள் டிரைவரும் ஒன்பதாம் இரும்புமாக முடிந்த ஹோலுக்கு, மறுநாள் இரண்டு முறை மர மட்டையை எடுத்தும் எட்ட முடியாது. முதல் சுற்றில் கண்ணால் பார்க்கிறோம். இரண்டாவது சுற்றில்தான் ஆடுகிறோம்.

ஐந்தாம் படி: சான்று, விசா, முன்பதிவு

ஹேண்டிகேப் சான்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2020இல் உலக ஹேண்டிகேப் முறை வந்த பிறகு நம் ஊர் எண்ணை அங்கேயும் ஏற்றுக்கொள்வது எளிதாகிவிட்டது. ஓல்டு கோர்ஸிலும் சன்னிங்டேல், ராயல் மெல்போர்ன் போன்ற இடங்களிலும் அதைக் கேட்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் மற்ற மைதானங்களில் பொதுவாகக் கேட்பதில்லை. தனியார் கிளப்புகளுக்கு உங்கள் கிளப் செயலாளரிடம் ஓர் அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போதும்.

போர்ட்ரஷ் இருக்கும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி என்பதால் பிரிட்டன் விசாவே போதும். ஆனால் மலிவாக இருக்கிறதென்று டப்ளினில் விமானம் இறங்கி அங்கிருந்து சாலை வழியாகப் போக நினைத்தால், அயர்லாந்துக் குடியரசின் விசா விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காக விதி இல்லை என்று ஆகிவிடாது.

முன்பதிவை அந்தந்த மைதானத்தின் இணையதளத்திலேயே நேரடியாகச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஓல்டு கோர்ஸ் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்த ஒரு பயண முகவரிடம் முழுத் தொகையையும் கட்டியது. போய்ப் பார்த்தால், அவர் செய்திருந்தது குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தது மட்டும்தான். அந்தக் குலுக்கலுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். நிச்சயம் என்று எவராவது சொன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, நியூ கோர்ஸுக்கு ஓல்டு கோர்ஸில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். ஈடன் அதைவிடவும் குறைவு. மாலை நேரச் சலுகை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் கிடையாது. 1969இல் மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து 99ஆம் எண் பஸ் ஊருக்குள் கொண்டு விடும். கார்னூஸ்டிக்குப் போக லூக்கர்ஸுக்கே திரும்பி டன்டி வழியாக ரயிலேறலாம். மைதானம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஆறாம் படி: பையில் என்ன வைப்பது

மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, இரண்டு ஜோடிக் கையுறை, காதை மூடும் கம்பளித் தொப்பி. ஜூலை மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. மட்டைகளில் இரண்டு மூன்றை ஊரிலேயே விட்டுப் போங்கள். பெரும்பாலான இடங்களில் நடந்துதான் ஆட வேண்டும். பை கனத்தால் பன்னிரண்டாவது ஹோலில் தோள் சொல்லும். பந்து ஒரு டஜன் போதும், ஜூபிலி ஆடுவதாக இருந்தால் ஒன்றரை.

ஏழாம் படி: ஆட்டம்

சென்னையிலோ பெங்களூரிலோ பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கும். பந்தை உயரத் தூக்கி, கிரீனில் போட்டு, அங்கேயே நிறுத்துவது. மெத்தென்ற ஈரமான கிரீனில் அது நடக்கும். லிங்க்ஸ் தரை கெட்டியாக இருக்கும். உயரத்திலிருந்து விழுந்த பந்து துள்ளி ஓடிப் பின்பக்கப் பள்ளத்தில் விழும். எனவே கிரீனுக்கு இருபது கெஜம் முன்னால் தரையில் விழுத்தி உருள விடுங்கள். ஏழாம் இரும்பைக் கையை இறக்கிப் பிடித்து, பந்தைக் கொஞ்சம் பின்காலை ஒட்டி வைத்து, பாதி வீச்சில் தள்ளுங்கள். கிரீனுக்கு வெளியே முப்பது அடியிலிருந்துகூடப் பட்டரை எடுக்கத் தயங்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

காற்று எதிரே வந்தால் பலமாக அடிக்கக் கூடாது. பலமாக அடித்தால் பந்து அதிகம் சுழலும், சுழன்றால் மேலே ஏறும், ஏறினால் நின்று விழும். இரண்டு எண் குறைந்த, நீளமான மட்டையை எடுத்து மெதுவாக வீசுங்கள்.

பங்கர்கள் கிணறு போல இருக்கும். சுவர் செங்குத்து. கொடியை நோக்கி வீரமாக அடித்து, சுவரில் மோதி, பந்து காலடிக்கே திரும்பி வரும். பக்கவாட்டில் அடித்து வெளியேறுங்கள். தேவைப்பட்டால் பின்பக்கமாகக்கூட. அதுவும் முடியவில்லை என்றால், 2019 விதித் திருத்தத்தின்படி இரண்டு ஸ்ட்ரோக் தண்டனையோடு பங்கருக்கு வெளியே பின்னால் பந்தைப் போட்டு ஆடலாம்.

பந்து முட்புதருக்குள் போனால் கையை விட வேண்டாம், ரத்தம் வரும். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் விதி. சந்தேகம் இருந்தால் டீயிலேயே இன்னொரு தற்காலிகப் பந்தை அடித்துவிட்டு நடங்கள். பின்னால் வருகிறவர்களைக் காக்க வைப்பதை அங்கே மிகப் பெரிய மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். நான்கு மணி நேரத்தில் சுற்று முடிய வேண்டும். பந்து வழிதவறி வேறு யாரையாவது நோக்கிப் போனால், உரத்த குரலில் 'ஃபோர்' என்று கத்த வெட்கப்படக் கூடாது.

உள்ளூர் ஆட்டக்காரர்களோடு சேர்த்துவிட்டால் மறுக்காதீர்கள். இரண்டாவது மைதானத்தின் பெரிய வரமே அதுதான். ஓல்டு கோர்ஸில் உங்களோடு ஆடுபவர் பெரும்பாலும் உங்களைப் போலவே கடல் கடந்து வந்தவர். நியூ கோர்ஸில் என்னோடு ஆடியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பையில் ஏழே மட்டைகள் வைத்திருந்தார். பத்தாவது ஹோலில் நான் மூன்றாம் மர மட்டையை எடுத்தபோது ஒன்றும் பேசாமல் தன் ஐந்தாம் இரும்பைக் காட்டினார். அதே மட்டையை எடுத்து மேட்டின் இடப்பக்கம் விழுத்தினேன். பந்து சரிவில் உருண்டு, பாம்பு போல வளைந்து, கிரீனின் நடுவே வந்து நின்றது. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

எட்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை

பெரிய போட்டிகள் நடக்கும் காலம் தவிர, ஓல்டு கோர்ஸ் ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு மூடியிருக்கும். அன்று அது ஊர்ப் பூங்கா. குழந்தைகள் ஓடுவார்கள், நாய்கள் உருளும், பாட்டிகள் நடப்பார்கள். காசு கிடையாது. காலையில் நியூ கோர்ஸில் ஆடிவிடுங்கள். ஞாயிறுகளில் அங்கே கூட்டம் அதிகம் என்பதால் அந்த நேரத்தை முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். மதியத்துக்கு மேல், மட்டையே இல்லாமல், பதினெட்டாவது கிரீனிலிருந்து தொடங்கி ஓல்டு கோர்ஸைப் பின்னோக்கி நடந்து வாருங்கள். ஸ்வில்கன் ஓடைமேல் உள்ள கல் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பதினேழாவது ஹோலின் ரோடு பங்கரின் விளிம்பில் நின்று எட்டிப் பாருங்கள்.

திரும்பும் வழியில் கடற்கரைப் பக்கம் 'ஹிமாலயாஸ்' என்று ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது. 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப் நடத்துவது. மேடும் பள்ளமுமாக அலையலையாகக் கிடக்கும். சில பவுண்டு கொடுத்தால் பட்டரும் பந்தும் தருவார்கள். கோல்ஃப் மட்டையையே தொட்டிராத மனைவி, மக்கள், அம்மா, அப்பா எல்லோரையும் கூட்டிப் போங்கள். அங்கே ஹேண்டிகேப் யாரும் கேட்பதில்லை. கோடையில் மாலையானாலும் வெயில் இருக்கும்.